வீட்டு அச்சுப்பொறியும் குடும்பச் செலவும்

(சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இக்கூட்டத்தில் யான் பேசுதற்கு எடுத்துக்கொண்ட பொருள், ‘பிரிண்டர்’ என்று யாவரும் வழங்குகின்ற வீட்டு அச்சுப்பொறியைப் பற்றியது. தமிழிலக்கணம் கற்பிக்கும் ஆசிரியனுக்கும் இவ்வியந்திரத்திற்கும் இயைபு என்னை என்று உங்களிற் சிலர் ஐயுறலாம். இயைபு உண்டு. வினாத்தாளும் பயிற்சித்தாளும் அச்சிட்டு மாணவர்க்கு வழங்குவது என் தொழிலின் ஒரு பகுதி. அம்மாணவர் தம் ஒப்படைப்புக்களை எங்கே, என்ன விலை கொடுத்து அச்சிட்டுக் கொணர்கின்றனர் என்பதையும் யான் நாள்தோறும் காண்கின்றேன். ஆதலின், இயந்திர நூல் வல்லார் பேசுமாறு பேசாது, வரவும் செலவும் பார்க்கும் ஒரு குடும்பத்தான் பேசுமாறு இப்பொருளைப் பற்றிச் சில கூற விழைகின்றேன்.

2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களிற் பள்ளிகள் மூடப்பட்டுப் பாடங்கள் கைப்பேசியின் வழியே வரத் தொடங்கிய பின்னர், முன்பு பெரும்பாலும் அலுவலகங்களிலும் கடைகளிலும் இருந்த அச்சுப்பொறி நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றிலும் புகுந்தது. பள்ளிகள் திறந்த பின்னரும் அத்தேவை குறைந்திலது. பயிற்சித்தாள், தேர்வு அனுமதிச் சீட்டு, உதவித்தொகை விண்ணப்பம், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் ஆகிய யாவும் இப்பொழுது இணையத்தின் வாயிலாகவே வருகின்றன. அவற்றைத் தாளில் ஏற்றிக்கொள்ளும் பொறுப்பு நம்முடையதாகிவிட்டது. இந்நிலையில், பிள்ளையின் கல்விக்கு உதவும் என்று கருதிப் பெற்றோர் ஓர் அச்சுப்பொறி வாங்க முற்படுதல் இயல்பே.

ஆயினும், அங்ஙனம் வாங்கப்பட்ட பொறிகளிற் பல இன்று எந்நிலையில் உள்ளன? துணி போர்த்து அலமாரியின்மேல் வைக்கப்பட்டுள்ளன. எனக்குத் தெரிந்த ஒரு தையற்றொழிலாளியின் இல்லத்தில், தவணை முறையில் வாங்கிய பொறிக்கு இரண்டாவது முறை மை வாங்கியபோது, அதன் விலை பொறியின் விலையிற் காற்பங்குக்கும் மிகுந்திருந்தது. அது முதற்கொண்டு, அவ்வீட்டுப் பெண் குழந்தை, ‘அப்பா, ஒரு பக்கம் அச்சிட்டுக்கொள்ளட்டுமா?’ என்று அஞ்சி அஞ்சிக் கேட்கும்; பாதி நாள் கேளாமலே பாடத்தைக் கையால் எழுதிக்கொள்ளும். கையால் எழுதுதல் நல்லதே. ஆனால் கல்விக்கென வாங்கிய கருவியே கல்விக்குத் தடையாக நிற்பதும், அதற்குரிய தவணையைத் தந்தை திங்கள்தோறும் கட்டி வருவதும் நல்லனவல்ல. இந்நிலை நம் குடும்பங்களுக்கு வாராதிருத்தல் வேண்டும் என்பதே இப்பேச்சின் நோக்கம்.

‘சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்’ என்பது நம் முன்னோர் மொழி. அச்சுப்பொறி வாணிகம் இம்மொழிக்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும். விளக்கை மலிவாக விற்று, அதற்கு எண்ணெய் தன் கடையிலன்றி வேறெங்கும் வாங்கவொண்ணாதபடி செய்து, எண்ணெயின் விலையில் ஊதியம் தேடும் வணிகன் ஒருவனை நினைத்துக்கொள்ளுங்கள். மலிவான மைப்பொறிகளின் விலையமைப்பு அத்தகையது. கடையில் நாம் கொடுக்கும் விலை முன்பணமே. எஞ்சிய விலையை ஒவ்வொரு பக்கத்திலும் சிறிது சிறிதாகக் கொடுத்து வருகின்றோம். ஆகவே, பொறியின் விலைச்சீட்டைப் பார்த்து எது மலிவு என்று முடிவு செய்தல் ஒருபோதும் பொருந்தாது. ஒரு பக்கத்திற்கு என்ன செலவு, திங்களுக்கு எத்தனை பக்கம் என்னும் இரண்டு வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே கடைக்குச் செல்லுதல் வேண்டும்.

இனி, பொறிகளின் வகைகளை ஒருவாறு கூறுவேன். வீட்டுக்குரிய பொறிகள் மூன்று வகைப்படும். அவை, கார்ட்ரிஜ் என்னும் சிறு மைக்கூட்டை உடையன, டாங்க் என்னும் மைத்தொட்டியை உடையன, டோனர் என்னும் மைத்தூளால் அச்சிடும் லேசர்ப் பொறிகள் என்பன.

முதலிரண்டும் நீர்மையான மையைத் தாளின்மேல் நுண்டுளிகளாகத் தெளிப்பன. மையைச் சூடாக்கிக் குமிழியெழுப்பி அக்குமிழியின் விசையால் துளியைத் தள்ளுதல் ஒரு முறை. 1977-ஆம் ஆண்டில், ஜப்பான் நாட்டுக் கேனன் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில், சூடான பற்றவைப்புக் கோல் ஒன்று மை நிறைந்த ஊசிமுனையிற் பட, அம்முனையிலிருந்து மை பீறிட்டது. அக்காட்சியிலிருந்தே அந்நிறுவனத்தார் இம்முறையைக் கண்டனர். எச்.பி. கம்பெனியாரும் இம்முறையைத் தாமே கண்டு 1984-ஆம் ஆண்டில் ஒரு பொறியை விற்பனைக்குக் கொணர்ந்தனர். எப்சன் கம்பெனியாரோ சூட்டைக் கொள்ளாது, மின்விசை பட்டவுடன் வளைந்து கொடுக்கும் ஒருவகைத் தகட்டின் அழுத்தத்தால் துளியைத் தள்ளுகின்றனர். எம்முறையாயினும், மை வெளிவரும் துளைகள் மயிரிழையினும் நுண்ணியன என்பதை நினைவிற்கொள்ளுங்கள். பின்னர்க் கூறப்போகும் இடர்கள் பலவற்றிற்கும் அதுவே காரணம்.

லேசர்ப் பொறியின் வரலாறு வேறு. 1938-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள், அமெரிக்க நாட்டு நியூயார்க்கு நகரின் அஸ்டோரியாப் பகுதியில், செஸ்டர் கார்ல்சன் என்பார் மின்னேற்றம் பெற்ற தகட்டில் தூளை ஒட்டச் செய்து ஓர் உருவைத் தாளில் எடுத்தார். நம் தெருக்களிலுள்ள ஜெராக்ஸ் கடைகள் யாவற்றிற்கும் அதுவே தோற்றுவாய். அம்முறையோடு லேசர் ஒளியைச் சேர்த்து அச்சுப்பொறியாக்கியவர் ஜெராக்ஸ் கம்பெனியின் கேரி ஸ்டார்க்வெதர் என்பார். 1984-ஆம் ஆண்டில் எச்.பி. கம்பெனியார் மேசைமேல் வைக்கத்தக்க லேசர்ப் பொறியை 3,495 டாலர் விலைக்கு வெளியிட்டனர். அன்று பெருநிறுவனங்களுக்கே எட்டிய அக்கருவி இன்று நம் வீடுகளுக்கும் எட்டுகின்றது. இதில் மை தூளாக இருத்தலின் உலர்ந்து போவதற்கு இடமில்லை. அத்தூளைச் சூட்டினால் உருக்கித் தாளோடு ஒட்டுவதால், எழுத்து நீர்பட்டுக் கலைவதுமில்லை.

டாங்க் வகை தோன்றிய வரலாறு நமக்கு மகிழ்ச்சி தருவது. கார்ட்ரிஜின் விலையைத் தாங்கமாட்டாத கடைக்காரரும் மாணவரும் ஆசிய நாடுகள் பலவற்றிற் பொறியின் பக்கத்தே புட்டிகளை வைத்துக் குழாய்களால் மையைச் செலுத்தும் உபாயத்தைக் கைக்கொண்டனர். இந்தோனேசிய நாட்டில் இவ்வழக்கம் மிகுதியாகப் பரவியிருந்தது. அதனைக் கண்ட எப்சன் கம்பெனியார் 2010-ஆம் ஆண்டில் அந்நாட்டிலேயே முதன்முதலாக, தொட்டியோடு கூடிய பொறியைத் தாமே செய்து விற்கலாயினர். பிற கம்பெனிகளும் பின்னர் அவ்வழியே சென்றன. இதனால் வணிக முறையே தலைகீழாயிற்று. பொறியின் விலை உயர்ந்தது. மையின் விலை தாழ்ந்தது. எளிய மக்களின் சிக்கனம் பெரிய கம்பெனிகளின் வழக்கத்தை மாற்றியதற்கு இஃதொரு சான்றாகும்.

நிற்க. ஒரு புட்டி மை எத்தனை பக்கத்திற்கு வரும் என்பதை எவ்வாறு அறிவது? அனைத்து நாட்டுத் தர அமைப்பாகிய ஐ.எஸ்.ஓ. இதற்கு அளவுகோல்கள் வகுத்துள்ளது. கறுப்பு டோனருக்கு 19752 என்னும் எண்ணுடைய தரம் 2004-ஆம் ஆண்டில் வெளிவந்தது. வண்ண மைப்பொறிகளுக்கு உரியது 24711 என்பது. அட்டைப்பெட்டியின்மேல் ‘இத்தனை பக்கம்’ என்று அச்சிட்டிருப்பது பெரும்பாலும் இத்தரங்களின்படி அளந்ததேயாகும். எப்சன் 003 என்னும் கறுப்பு மைப்புட்டி 65 மில்லிலிட்டர் கொண்டது. அதற்குக் கூறப்படும் அளவு 4,500 பக்கம். கேனன் ஜி.ஐ.790 என்னும் கறுப்புப் புட்டி 135 மில்லிலிட்டர், 6,000 பக்கம். எச்.பி. 12ஏ என்னும் டோனர் 2,000 பக்கம். 88ஏ என்பது 1,500 பக்கம். எச்.பி. 805 என்னும் சிறிய கறுப்புக் கார்ட்ரிஜோ ஏறத்தாழ 120 பக்கமே. நாலாயிரத்து ஐந்நூறு எங்கே, நூற்றிருபது எங்கே! இவ்வெண்களை ஒருங்கு வைத்துப் பார்த்த அளவிலேயே உண்மை விளங்கிவிடும்.

இவ்வெண்களையும் அப்படியே நம்பிவிடுதல் கூடாது. டோனருக்குரிய அளவை, தாளின் பரப்பில் நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து பங்கே எழுத்தால் நிரம்பிய பக்கத்தைக் கொண்டு அளக்கப்படுவது. அளக்கும்போது பொறியைப் பெரும்பாலும் இடைவிடாது ஓட்டுவர். நாமோ இன்று இரண்டு பக்கமும் அடுத்த கிழமை மூன்று பக்கமும் அச்சிடுவோம். இடையிடையே பொறி தன் துளைகளைத் தானே கழுவிக்கொள்ள மையைச் செலவிடும். படங்கள் நிறைந்த பக்கமாயின் மை பன்மடங்கு செல்லும். ஆகலின், பெட்டியிற் கண்ட எண்ணை ஒப்புநோக்குதற்கு மாத்திரம் கொண்டு, நம் வீட்டில் அதனிற் குறைவாகவே வரும் என்று எண்ணிக்கொள்ளுதல் அறிவுடைமை.

இனிக் கணக்கிற்கு வருவோம். விலைகள் ஊருக்கு ஊர், நாளுக்கு நாள் மாறுவன. ஆதலின் எளிதாகக் கணக்கிடத்தக்க சில விலைகளை வைத்துக்கொள்வோம்; நீங்கள் உங்கள் ஊர் விலையை இட்டுத் திருத்திக்கொள்ளலாம். கார்ட்ரிஜ்ப் பொறியின் விலை 4,000 ரூபாய். 900 ரூபாய்க் கார்ட்ரிஜ் 150 பக்கம் வரும். ஆக, ஒரு பக்கத்திற்கு மை 6 ரூபாய். டாங்க்ப் பொறி 12,000 ரூபாய். 400 ரூபாய்ப் புட்டி 4,000 பக்கம் வரும். ஆக, ஒரு பக்கத்திற்கு 10 காசு. கறுப்பு மாத்திரம் அச்சிடும் லேசர்ப் பொறி 13,000 ரூபாய். 3,000 ரூபாய் டோனர் 1,500 பக்கம் வரும். ஆக, 2 ரூபாய். தாள் 500 கொண்ட கட்டு 300 ரூபாய். ஒரு தாள் 60 காசு. ஜெராக்ஸ் கடையில் ஒரு பக்கம் தாளோடு 3 ரூபாய். பொறியோடு இலவசமாக வரும் முதல் மையை இக்கணக்கிற் சேர்க்கவில்லை. கறுப்பெழுத்துப் பக்கத்தையே கருதுகின்றோம். காலம் மூன்றாண்டு.

முதலாவதாக, திங்களுக்கு 20 பக்கம் அச்சிடும் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மூன்றாண்டில் 720 பக்கம். கார்ட்ரிஜ்ப் பொறிக்கு, மையும் தாளும் சேர்ந்து 8,752 ரூபாய் ஆகும். டாங்க்ப் பொறிக்கு 12,504 ரூபாய். லேசருக்கு 14,872 ரூபாய். கடையில் அச்சிட்டாலோ 2,160 ரூபாய் மாத்திரமே. இக்குடும்பத்திற்கு மிக மலிவான அச்சுப்பொறி யாதெனின், வாங்காத அச்சுப்பொறியே! இதனைச் சொல்ல எந்தக் கடைக்காரரும் முன்வாரார். ஆதலின் யான் சொல்லுகின்றேன்.

இரண்டாவதாக, திங்களுக்கு 150 பக்கம் அச்சிடும் குடும்பம். இரண்டு பிள்ளைகள் மேல்வகுப்புப் படிக்க, வீட்டில் ஒருவர் தனிப்பாடம் நடத்துவாராயின் இவ்வளவு ஆகும். மூன்றாண்டில் 5,400 பக்கம். கார்ட்ரிஜ்ப் பொறிக்கு 39,640 ரூபாய். லேசருக்கு 27,040 ரூபாய். டாங்க்கிற்கு 15,780 ரூபாய். கடைக்கு 16,200 ரூபாய். நாலாயிர ரூபாய்ப் பொறி நாற்பதினாயிர ரூபாய் வாங்கிக்கொண்டது. பன்னீராயிர ரூபாய்ப் பொறி பதினாறாயிரத்திற்குள் அடங்கிவிட்டது. கார்ட்ரிஜ்ப் பொறியைக் காட்டினும் டாங்க்ப் பொறிக்கு நாம் மிகுதியாகக் கொடுத்த 8,000 ரூபாய், ஏறத்தாழ 1,356 பக்கத்தில், அஃதாவது ஒன்பது திங்களளவில், மீண்டுவிடும். கடையோடு ஒப்பிடின், பக்கத்திற்கு 2 ரூபாய் 30 காசு மிச்சமாதலின், பொறியின் விலை மீள 5,200 பக்கத்திற்குச் சற்று மிகுதியாக அச்சிடுதல் வேண்டும். ‘இப்பொறி ஓடும் காலத்திற்குள் ஐயாயிரத்து இருநூறு பக்கம் அச்சிடுவேனா?’ என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளாமல் ஒருவரும் டாங்க்ப் பொறி வாங்குதல் கூடாது.

இக்கணக்கிலிருந்து மற்றோர் உண்மையும் புலப்படும். டாங்க்ப் பொறியில் மைக்கு 10 காசு. தாளுக்கு 60 காசு. மையைக் காட்டினும் தாளே ஆறு மடங்கு செலவு. ஆகவே, அப்பொறியை உடையார் மையைச் சுருக்க முயலுதலினும், தாளின் இருபுறமும் அச்சிடுதலே பெரும் பயன் தரும். 5,400 பக்கமும் இருபுறமும் அச்சிட்டால் 1,620 ரூபாய் மிஞ்சும். கையால் தாளைத் திருப்பி வைத்தும் இதனைச் செய்யலாம். தானே திருப்பிக்கொள்ளும் பொறியாயின் மிகவும் நன்று.

கணக்கில் அடங்காத செய்திகள் சில உள. அவற்றையும் கேளுங்கள்.

ஒன்று, மை உலர்தல். மைப்பொறியைத் திங்கட்கணக்கில் தொடாது வைத்தால், முன்னே கூறிய நுண்டுளைகளில் மை உலர்ந்து அடைத்துக்கொள்ளும். கோடையில் இது விரைந்து நிகழும். கழுவும் ஏவலைப் பலமுறை கொடுத்தால் மை வீணாகும். அதற்கும் திறவாவிட்டால் ‘ஹெட்’ என்னும் அச்சுமுனையை மாற்ற நேரும். சிறு கார்ட்ரிஜ்களில் அம்முனை கார்ட்ரிஜோடே அமைந்திருத்தலின் புதியது வாங்கினால் தீர்ந்தது. டாங்க்ப் பொறிகளுள் சிலவற்றில் நாமே முனையை மாற்றலாம், சிலவற்றிற் பழுதுபார்ப்போரிடமே செல்லவேண்டும், செலவும் பெரிது. ஆதலின், கிழமைக்கு ஒரு முறையேனும் எல்லா வண்ணங்களும் கலந்த ஒரு பக்கம் அச்சிடுதல் வேண்டும். பொறியை நிறுத்தும்போது சுவரிலுள்ள விசையை நேரே அணைத்தல் தகாது. பொறியின் பொத்தானையே அழுத்துதல் வேண்டும். அப்பொழுதுதான் அது முனையைத் தன் மூடிக்குள் கொண்டுபோய் வைத்து உலராமற் காத்துக்கொள்ளும்.

இரண்டு, கழிவு மை. கழுவும்போது வீணாகும் மை பொறியின் அடியிலுள்ள பஞ்சில் ஊறுகின்றது. பஞ்சு நிரம்பியது என்று பொறியின் கணக்கு காட்டியவுடன் அது அச்சிட மறுத்துவிடும். பொறி கெட்டுப்போயிற்று என்று கருதிப் பழைய இரும்புக்காரரிடம் போடுவோரும் உளர். புதிய பொறிகள் பலவற்றில் இப்பஞ்சு தனிப்பெட்டியாக அமைந்து, நாமே மாற்றும்படி உள்ளது. வாங்குமுன் இதனை உசாவுதல் வேண்டும்.

மூன்று, மின்சாரம். லேசர்ப் பொறி தூளை உருக்கும் உருளையைச் சூடாக்கும்பொழுது சில நூறு வாட்டு மின்சாரம் கொள்ளும். சிறுபொழுது அதனினும் மிக உயர்தலும் உண்டு. வீட்டு இன்வெர்ட்டரிலும் கணினியின் யு.பி.எஸ்ஸிலும் அதனைச் சேர்த்தல் ஆகாது. மைப்பொறிக்கு ஒரு சிறு விளக்களவு மின்சாரமே போதும். மின்தடை மிக்க ஊரினர் இதனைக் கருதுதல் வேண்டும்.

நான்கு, நீர். சாயத்தாலாகிய மை நீர்பட்டாற் கலையும். மழை நாளில் தேர்வு அனுமதிச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு செல்லும் மாணவனுக்கு இது சிறு செய்தியன்று. நிறமித் துகளாலாகிய மை நீரைப் பெரிதும் தாங்கும். லேசர் எழுத்து இன்னும் நன்றாகத் தாங்கும். டாங்க்ப் பொறிகளுள் கறுப்பு மை நிறமியாக உள்ளனவும் உண்டு. சாயமாக உள்ளனவும் உண்டு. கேட்டறிந்து வாங்குக.

ஐந்து, பிறர் செய்த மையைப் பற்றியது. கார்ட்ரிஜ்களில் ஒரு சிறு ‘சிப்’ அமைத்து, தம் மையன்றிப் பிற மையைப் பொறி ஏற்காதபடி செய்யும் கம்பெனிகள் உள. 2016-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் எச்.பி. கம்பெனியின் சில பொறிகள், அதற்கு முன் ஏற்றுவந்த பிறர் கார்ட்ரிஜ்களைத் திடீரென மறுத்தன. மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தபின் கம்பெனியார் அத்தடையை நீக்கிக்கொள்ளும் வழியைச் சில பொறிகளுக்கு அளித்தனர். 2017-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள் அமெரிக்க உச்சநீதிமன்றம் லெக்ஸ்மார்க் கம்பெனியின் வழக்கில், ஒரு பொருளை விற்றபின் அப்பொருளின்மேற் கம்பெனிக்குரிய காப்புரிமை ஒழிந்துவிடும் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு அங்ஙனம் இருப்பினும், சிப்பு பொறிக்குள்ளே இருக்கின்றது. மலிவான பிற டோனரை நம்பி லேசர் வாங்குவோர், அப்பொறி அதனை ஏற்கின்றதா என்று முன்னரே உறுதி செய்துகொள்ளுதல் வேண்டும். ஏற்குமாயின் லேசரின் பக்கச்செலவு பெரிதும் குறையும். ஆயினும் தூள் கசிதலும் எழுத்து மங்குதலும் சிலபோது நேரும்.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கின், யாருக்கு எது ஏற்றது என்பது தெளிவாகும். திங்களுக்கு இருபது முப்பது பக்கமே வேண்டுவோர், அருகிற் கடை இருக்குமாயின் பொறி வாங்கவே வேண்டா. தேவை சிறிதாயினும் கடை தொலைவில் உள்ள ஊரினர்க்கும், அவ்வப்போது மாத்திரம் அச்சிட்டு இடையிலே பல திங்கள் சும்மா விடுவோர்க்கும் கறுப்பு லேசரே தக்கது. அதன் தூள் காத்திருக்கும். நாள்தோறும் அல்லது கிழமைதோறும் அச்சிட்டு, திங்களுக்கு நூற்றைம்பது பக்கத்தை எட்டுவோர்க்கு டாங்க்ப் பொறி தக்கது. வண்ணம் வேண்டாதோர் கறுப்பு மாத்திரம் உள்ள டாங்க்ப் பொறியையும் கருதலாம். கார்ட்ரிஜ்ப் பொறி யாருக்கு ஏற்றது எனின், பக்கத்திற்கு ஆறு ரூபாய் கொடுத்தும் வீட்டிலேயே அச்சிடவேண்டிய சிறு தேவை உடைய செல்வர்க்கே என்று சொல்லலாம். மலிவான பொறி எளியோர்க்குரியது என்னும் எண்ணம் இங்கே முற்றும் தலைகீழாகின்றது.

கடைக்குச் செல்லுங்கால் கேட்கவேண்டிய வினாக்களைச் சுருங்கக் கூறுவேன். கறுப்பு மை அல்லது டோனர் என்ன விலை, எத்தனை பக்கம்? பொறியோடு வரும் முதல் டோனர் முழுமையானதா, அரைகுறையானதா? மூவண்ணமும் ஒரே கூட்டில் உள்ளனவா, தனித்தனியா? ஒரே கூடாயின், ஒரு வண்ணம் தீர்ந்தால் எஞ்சிய இரண்டும் வீணாகும். அச்சுமுனையையும் கழிவுப் பெட்டியையும் நாமே மாற்றலாமா? பழுதுபார்க்கும் நிலையம் நம் ஊரில் உண்டா? பொறுப்புறுதி எத்தனை காலத்திற்கு? ‘ஓராண்டு அல்லது இத்தனை பக்கம், எது முந்துகின்றதோ அது’ என்று சிறிய எழுத்தில் எழுதியிருப்பின் அதனையும் படித்தல் வேண்டும். இவ்வினாக்களுக்கு விடை கூறமாட்டாத கடையில் வாங்காதிருத்தல் நலம்.

வாங்கிய பின்னரும் சிக்கனம் நம் கையில் உள்ளது. அச்சிடுமுன் திரையில் ஒருமுறை படித்துப் பிழை திருத்திக்கொள்ளுங்கள். வண்ணம் வேண்டாத பக்கத்திற்குக் கறுப்பு மை என்பதையே குறிப்பிடுங்கள். இல்லையேல் சில பொறிகள் வண்ண மைகளைக் கலந்தே கறுப்பை உண்டாக்கும். வரைவுப் படிக்கு மெல்லிய அச்சே போதும். இணையப் பக்கங்களை அப்படியே அச்சிடாது, வேண்டிய பகுதியை மாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

முடிவாக ஒன்று கூறி அமைகின்றேன். திங்களுக்கு முப்பது பக்கம் வேண்டும் குடும்பம் தனித்து டாங்க்ப் பொறி வாங்கினால் இழப்பே. அத்தகைய ஐந்து குடும்பங்கள் ஒன்றுகூடின் திங்களுக்கு நூற்றைம்பது பக்கம் ஆகின்றது. குடும்பத்திற்கு 2,400 ரூபாய் இட்டால் பொறி வந்துவிடும். மூன்றாண்டுச் செலவைப் பகிர்ந்தால் குடும்பத்திற்குத் திங்களுக்கு ஏறத்தாழ 88 ரூபாய். கடைக்குச் சென்றாலும் 90 ரூபாய் ஆகியிருக்கும். அதன்பின்னும் பொறி பழுதின்றி உழைக்குமாயின், மைக்கும் தாளுக்கும் திங்களுக்கு 21 ரூபாயே போதும். பலர் பயன்படுத்துதலின் மை உலர்தற்கும் இடமில்லை. தனித்திருந்தால் அடைத்துக்கொள்ளும் பொறி கூடியிருந்தால் நன்கு ஓடுகின்றது. ஒரு குறிப்பேட்டில் அவரவர் அச்சிட்ட பக்கத்தை எழுதி வந்தால் பிணக்கும் எழாது. ஒரு தெருவிற்கு ஒரு பொறி என வைத்து, நம் வீட்டுப் பிள்ளைகளேயன்றி அத்தெருவிலுள்ள பிள்ளைகள் யாவரும் தயக்கமின்றி வந்து அச்சிட்டுச் செல்லும்படி செய்தல் நம்மால் இயலும்.

ஆகவே, அடுத்த முப்பது நாளும் உங்கள் வீட்டில் அச்சிடுவிக்கும் பக்கங்களை ஒரு தாளிற் குறித்துவாருங்கள். அடுத்த கூட்டத்திற்கு அத்தாளைக் கொண்டுவாருங்கள். யார் தனியே வாங்கத்தக்கார், யார் கூடி வாங்கத்தக்கார், யார் வாங்காதிருக்கத்தக்கார் என்பதை ஒருங்கிருந்து கணக்கிடுவோம்.